கண் போகும் திசை
(சில குறிப்புகள்)

மகாபாரதத்தின் சபா பர்வத்தில் துரியோதனன் தன் தகப்பனிடம் புலம்பும் பகுதி நீளமானது. இந்திரப்பிரஸ்தத்தில் தருமன் நடத்திய ராஜசூய வேள்விக்கு எந்த நாட்டு அரசன் என்ன கொண்டுவந்தான் என்று ஒன்றுவிடாமல் சொல்கிறான். குதிரைகள், யானைகள், கம்பளங்கள், எறும்புகள் தோண்டித் தந்ததாகச் சொல்லப்படும் பொன், சோழரும் பாண்டியரும் பொற்குடங்களில் சுமந்துவந்த சந்தனம். வந்த காணிக்கைகளை வாங்கி வைக்கும் பொறுப்பு அவனிடம்தான் தரப்பட்டிருந்தது. அதனால் கணக்கு துல்லியமாக இருக்கிறது. தருமனைக் கேட்டிருந்தால் இதில் பாதிகூட நினைவில் இருந்திருக்காது என்று தோன்றுகிறது.

உனக்கு என்னப்பா குறை என்று திருதராஷ்டிரன் கேட்கிறான். நல்ல சோறு, நல்ல துணி, சொல்லுக்குக் கட்டுப்படும் தம்பிகள், அஸ்தினாபுரம். எல்லாம் இருக்கிறது. இருப்பது எதுவும் துரியோதனனுக்கு ருசிக்கவில்லை.

பொறாமை என்றதும் எனக்கு இந்தப் பட்டியல்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. பொறாமைக்காரனுக்கு மறதி கிடையாது. அடுத்த வீட்டுச் சரக்கு அவனுக்கு மனப்பாடம். தன் வீட்டு அலமாரியில் என்ன இருக்கிறதென்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

*

இத்தாலியின் பதுவா நகரில் ஸ்க்ரோவெஞ்ஞி தேவாலயம் இருக்கிறது. 1305ஐ ஒட்டி ஜோத்தோ அதன் சுவர்களில் ஓவியம் தீட்டினார். கீழ்வரிசையில் ஒரு பக்கம் ஏழு நற்குணங்கள், எதிர்ப்பக்கம் ஏழு தீக்குணங்கள். தீக்குணங்களில் பொறாமை ஒரு கிழவி. ஒரு கையில் பணப்பையை இறுகப் பிடித்திருக்கிறாள். மறுகை இன்னும் எதையோ பற்ற நீண்டிருக்கிறது. பெரிய காது. காலடியில் நெருப்பு. வாயிலிருந்து புறப்படும் பாம்பு வெளியே போகாமல் வளைந்து அவள் கண்ணையே தாக்குகிறது.

ஜோத்தோவின் காலத்தவரான கவிஞர் தாந்தே, தன் காவியத்தில் வரும் பாவம் கழியும் மலையில் பொறாமைக்காரர்களுக்குத் தந்த தண்டனையும் கண்ணுக்குத்தான். அவர்களுடைய இமைகள் இரும்புக் கம்பியால் தைக்கப்பட்டிருக்கின்றன. பிறர் வாழ்வைப் பார்த்துப் புழுங்கிய கண்கள் கொஞ்ச காலம் மூடியிருக்கட்டும் என்று விட்டதுபோல இருக்கிறது.

ஜோத்தோவும் தாந்தேயும் நோயை எங்கே பார்த்தார்கள் என்பதைக் குறித்துக்கொள்கிறேன். ஆசை பிறக்கும் இடத்தை இருவருமே தொடவில்லை. கண் எங்கே போகிறது என்பதைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

*

கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். புதுவீட்டு முகப்பில் திருஷ்டி பொம்மை. கடை வாசலில் எலுமிச்சையும் மிளகாயும். குழந்தை கன்னத்தில் மைப்பொட்டு. கல்யாணம் முடிந்து வந்தால் ஆரத்தி, ஊர் போய் வந்தால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடுவது, அமாவாசைக்குப் பூசணிக்காய் உடைப்பது.

எல்லாம் ஊரார் கண் நம்மேல் படாமலிருக்க. நம் கண் ஊரார்மேல் போய்ப் படாமலிருக்க நாம் எதையும் கட்டித் தொங்கவிடுவதில்லை. அதை அவரவர் உள்ளுக்குள்தான் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

*

காதில் விழுந்தவை:

"அவனுக்கென்னப்பா, மாமனார் எல்லாத்தையும் செஞ்சு வெச்சுட்டாரு."

"வேலை நல்ல வேலைதான். ஆனா நைட் ஷிப்டாமே?"

"வீடு பெருசாத்தான் கட்டியிருக்காங்க. ஆனா மொத்தமும் லோனு."

"பையன் வெளிநாட்டுல நல்லா இருக்கான். ஆனா பெத்தவங்களப் பாக்கத்தான் ஆள் இல்ல."

இவற்றில் பொய் ஒன்றும் இல்லை. நைட் ஷிப்ட் உண்மை, லோன் உண்மை. ஆனாலும் பாராட்டை முழுதாகச் சொல்லி முடிக்க விடாமல் அந்த 'ஆனா' குறுக்கே வந்து நிற்கிறது. சொல்கிறவருக்குச் சற்று நேரம் ஆறுதல். கேட்டவரும் தலையாட்டிவிட்டால் இரட்டை ஆறுதல். வீட்டுக்குப் போனதும் அந்தப் பெரிய வீடு மறுபடி கண்முன் நிற்கிறது.

*

திருக்குறளில் இன்று நம் கையிலிருக்கும் அதிகார வரிசை: 16 பொறையுடைமை, 17 அழுக்காறாமை, 18 வெஃகாமை, 19 புறங்கூறாமை, 20 பயனில சொல்லாமை. பாடல்களைத் தனித்தனியே மனப்பாடம் செய்யும் அவசரத்தில் இந்த வரிசையை நாம் பார்ப்பதில்லை.

பொறுமை போனால் அடுத்தவன் வாழ்வு கண்ணை உறுத்தும். உறுத்தியது பிறகு தனக்கு வேண்டும் என்று தோன்றும். கிடைக்காதபோது அவன் இல்லாத இடத்தில் அவனைப் பற்றிப் பேச்சு வரும். அந்தப் பேச்சு கடைசியில் எதற்கும் உதவாத வம்பாகப் போய் முடியும். ஒரு தெருவில் ஒரு வருஷம் குடியிருந்தவர்களுக்கு இந்தப் படிகள் நன்றாகத் தெரியும்.

முதல் படியிலேயே நிறுத்துவது சுலபம். நான்காவது படியில், சொல்லிவிட்ட சொல்லைத் திருப்பி வாங்க முடியாது.

*

அம்பானியைப் பார்த்து யாருக்கும் வயிறு எரிவதில்லை. பக்கத்து மேஜைக்காரருக்குப் பதவி உயர்வு வந்தால் எரிகிறது. சகலை கார் வாங்கினால், ஓரகத்தி வளையல் மாற்றினால், கூடப் படித்தவன் அமெரிக்கா போனால் எரிகிறது. இதைத்தான் ஊரில் பங்காளிக் காய்ச்சல் என்று சொல்கிறார்கள். எட்டாத உயரத்தில் இருப்பவரிடம் இந்தக் காய்ச்சல் வராது. ஒரே முற்றத்தில் விளையாடியவரிடம்தான் வரும்.

அரிஸ்டாட்டில் தன் பேச்சுக்கலை நூலில் இதைச் சொல்லியிருக்கிறார். இடம், காலம், வயது, பெயர் இவற்றில் நமக்கு அருகில் இருப்பவர்மீதே பொறாமை எழும் என்பது அவர் கணிப்பு. 1954இல் லியான் ஃபெஸ்டிங்கர் என்ற அமெரிக்க உளவியலாளர் அதே இடத்துக்கு வேறு வழியாக வந்தார். தன் திறமையை அளந்து பார்க்க மனிதனுக்கு உள்ளூர ஒரு வேகம் இருக்கிறது. அளக்க நேரான கருவி இல்லாதபோது தன்னைப் போன்ற இன்னொருவனை வைத்து அளந்துகொள்கிறான் என்றார்.

எத்தனை கிலோ தூக்கினேன் என்பதற்குத் தராசு இருக்கிறது. நல்ல தகப்பனா, நல்ல ஆசிரியரா, வாழ்க்கையை வீணடிக்காமல் வாழ்கிறேனா என்பவற்றுக்குத் தராசு இல்லை. அங்கேதான் பக்கத்து வீட்டுக்காரர் நமக்குத் தெரியாமலேயே தராசாகிவிடுகிறார். அவருக்கும் அது தெரியாது.

*

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் பதக்கம் வென்றவர்களின் முகங்களை வீடியோவில் போட்டுக் காட்டி, யார் எவ்வளவு மகிழ்ச்சியாகத் தெரிகிறார்கள் என்று பார்வையாளர்களை மதிப்பிடச் சொன்னது ஓர் ஆய்வு. மெட்வெக், மேடி, கிலோவிச் என்ற மூவர் செய்தது, 1995இல் வெளிவந்தது. வெண்கலம் வாங்கியவர்கள் வெள்ளி வாங்கியவர்களைவிட மகிழ்ச்சியாகத் தெரிந்தார்கள்.

வெள்ளிக்காரரின் கண் மேலே போகிறது: இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் தங்கம். வெண்கலக்காரரின் கண் கீழே, மேடைக்கு வெளியே நிற்கும் நான்காமவரிடம் போகிறது: கொஞ்சம் தவறியிருந்தால் ஒன்றுமே இல்லை. கையிலிருக்கும் உலோகத்தின் மதிப்பும் முகத்திலிருக்கும் ஒளியும் ஒரே வரிசையில் ஏறவில்லை.

கீழே பார் என்று உபதேசம் செய்ய இதை எழுதவில்லை. நான்காமவரின் தோல்வியிலிருந்து வரும் நிம்மதியும் கடன் வாங்கிய நிம்மதிதான். அடுத்த முறை அவர் முந்திவிட்டால் அது போய்விடும். ஆனால் ஒன்று தெளிவாகிறது. கிடைத்தது எது என்பதற்குச் சமமாக, கண் எங்கே திரும்பியது என்பதும் மகிழ்ச்சியைத் தீர்மானிக்கிறது. முன்னது பெரும்பாலும் நம் கையில் இல்லை. பின்னது பழக்கத்தால் ஓரளவு நம் கைக்கு வரும்.

*

2024 ஆகஸ்ட் 8, பாரிஸ். ஈட்டி எறிதலில் பாகிஸ்தானின் அர்ஷத் நதீம் 92.97 மீட்டர் எறிந்து ஒலிம்பிக் சாதனையோடு தங்கம் வென்றார். 89.45 மீட்டர் எறிந்த இந்தியாவின் நீரஜ் சோப்ராவுக்கு வெள்ளி. அதற்கு முந்தைய டோக்கியோவில் தங்கம் நீரஜுடையது. அர்ஷத் ஐந்தாவதாக வந்திருந்தார்.

ஹரியானாவில் நீரஜின் வீட்டு வாசலில் மைக்கோடு வந்து நின்றவர்களிடம் அவர் தாய் சரோஜ் தேவி பேசினார். வெள்ளி கிடைத்ததில் மகிழ்ச்சி, தங்கம் வாங்கியவனும் நம் பிள்ளைதான், அவனும் உழைத்துத்தான் வாங்கியிருக்கிறான் என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் அர்ஷத்தின் தாயும் நீரஜைத் தன் மகன் போல என்று சொன்னார்.

அந்த வருஷத் தொடக்கத்தில், பழைய ஈட்டியை வைத்துக்கொண்டு அர்ஷத் சிரமப்பட்ட செய்தி வந்தபோது, இப்படிப்பட்ட வீரருக்கு நல்ல ஈட்டி கிடைக்காதது நம்ப முடியாதது என்று நீரஜ் வெளிப்படையாகப் பேசியிருந்தார். தன்னைத் தோற்கடிக்கக்கூடியவன் கைக்கு நல்ல ஈட்டி போய்ச் சேரட்டும் என்ற பேச்சு அது. எனக்கு அந்த வெள்ளிப் பதக்கத்தைவிட இந்தப் பேச்சு பெரிதாகத் தெரிகிறது.

*

இசையமைப்பாளர் மொசார்ட்டை சக இசையமைப்பாளர் சாலியேரி பொறாமையால் அழித்தார் என்ற கதையை உலகம் விடாமல் சொல்லிக்கொண்டிருக்கிறது. புஷ்கின் 1830இல் ஒரு குறுநாடகமாக எழுதினார். 1979இல் பீட்டர் ஷாஃபரின் 'அமடேயஸ்' நாடகம் வந்தது. 1984இல் அது திரைப்படமாகி எட்டு ஆஸ்கர் வாங்கியது.

ஆவணங்கள் வேறு மாதிரி பேசுகின்றன. 1791 அக்டோபரில் மொசார்ட் தன் மனைவிக்கு எழுதிய கடிதத்தில், தன் 'மாயப் புல்லாங்குழல்' இசைநாடகத்துக்கு சாலியேரி வந்ததையும், தொடக்கம் முதல் முடிவு வரை ஒவ்வொரு பகுதிக்கும் மனம்விட்டுப் பாராட்டியதையும் மகிழ்ச்சியோடு சொல்கிறார். மொசார்ட் இறந்த பின் அவருடைய மகனுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர்களில் சாலியேரியும் ஒருவர். பீத்தோவன், ஷூபர்ட், லிஸ்ட் மூவரும் அவரிடம் கற்றவர்கள். மொசார்ட்டும் சாலியேரியும் சேர்ந்து பங்களித்த 1785ஆம் வருஷத்துப் பாடல் ஒன்று பிராகா நகரில் கிடைத்து, 2016இல் மறுபடி வாசிக்கப்பட்டது.

வியன்னா அரசவையில் போட்டியும் உரசலும் இருந்திருக்கும். எந்த அரசவையில் இல்லை? ஆனால் பின்னால் வந்தவர்கள் சாலியேரிமீது ஏற்றிய பொறாமை அவர் வாழ்ந்த வாழ்க்கையைவிடப் பெரிதாக வளர்ந்துவிட்டது. இரண்டாமிடத்தில் இருப்பவன் எரிந்துகொண்டுதான் இருப்பான் என்று நாம் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறோம். அப்படி எரியாமல் கற்றுக்கொடுத்துக்கொண்டு, எழுபத்து நான்கு வயதுவரை வாழ்ந்த ஒருவரின் கதையில் நாடகத்துக்கு இடமில்லை. வாழ்க்கைக்கு இடம் இருக்கிறது.

*

இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸல் வாலஸ். கிராம்புத் தீவுகளில் ஒன்றான தெர்னாத்தேயிலிருந்து 1858இல் டார்வினுக்கு ஒரு கட்டுரையை அனுப்பினார். இயற்கைத் தேர்வு பற்றி டார்வின் இருபது வருஷமாக வெளியிடாமல் வைத்திருந்த அதே எண்ணம் அதில் இருந்தது. நண்பர்கள் ஏற்பாட்டில் 1858 ஜூலை 1 அன்று இலண்டன் லின்னேயன் சங்கத்தில் இருவர் எழுத்தும் சேர்த்து வாசிக்கப்பட்டன. வாலஸிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கடிதம் போய்த் திரும்ப மாதங்கள் ஆகும் தூரத்தில் அவர் இருந்தார். அடுத்த வருஷம் டார்வினின் புத்தகம் வந்தது. கொள்கையும் டார்வின் பேரில் நிலைத்தது.

வாலஸ் வசதியற்ற குடும்பத்தில் பிறந்தவர். பதினான்கு வயதோடு பள்ளிப் படிப்பு நின்றது. பூச்சிகளும் பறவைகளும் பிடித்து விற்றுப் பிழைப்பு. கசந்துபோக அவருக்குக் காரணம் இருந்தது. அவர் 1869இல் வெளியிட்ட மலாய்த் தீவுக்கூட்டப் பயண நூலை டார்வினுக்குச் சமர்ப்பித்தார். 1889இல் எழுதிய கொள்கை விளக்க நூலுக்கு 'டார்வினிஸம்' என்றே பேர் வைத்தார். வாலஸ் பணக்கஷ்டத்தில் இருந்தபோது டார்வின் முயன்று 1881இல் வருஷத்துக்கு 200 பவுண்டு அரசு ஓய்வூதியம் வாங்கித் தந்தார். மறு வருஷம் டார்வின் இறந்தபோது பெட்டியைச் சுமந்தவர்களில் வாலஸும் இருந்தார்.

அந்தத் தீவுகளில் எட்டு வருஷம் அலைந்து அவர் சேர்த்த மாதிரிகள் 1,25,000க்கு மேல். ஒரு வண்டின் முதுகு வரியை அத்தனை கூர்மையாகப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணுக்கு, யார் பேர் முதலில் வந்தது என்று பார்க்க அதிக நேரம் இருந்திருக்காது. வேலையில் உண்மையான பிடிப்பு உள்ளவர்களிடம் பொறாமை குறைவாக இருப்பதை நம் ஊரிலும் பார்க்கிறேன். நல்ல தச்சர் இன்னொரு தச்சரின் வேலையைப் பார்த்ததும் குனிந்து இணைப்பைத் தடவிப் பார்க்கிறார். கூலி எவ்வளவு என்று பிறகுதான் கேட்கிறார்.

*

எல்லா ஒப்பீட்டையும் பொறாமை என்று ஒதுக்கிவிடக் கூடாது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும்.

சாரா பிராஸ்னனும் ஃப்ரான்ஸ் டி வாலும் 2003இல் வெளியிட்ட குரங்குச் சோதனை பலருக்குத் தெரியும். ஒரே வேலைக்கு இரண்டு கபுச்சின் குரங்குகளுக்கும் வெள்ளரித்துண்டு கொடுத்தபோது சிக்கல் இல்லை. பக்கத்துக் குரங்குக்கு மட்டும் திராட்சை கொடுத்ததும், வெள்ளரி பெற்ற குரங்கு அதை வாங்க மறுத்தது. சில நேரம் தூக்கி எறிந்தது.

ஒரே வயலில் ஒரே நேரம் வேலை செய்து ஆணைவிடக் குறைந்த கூலி வாங்கும் பெண், எனக்கு ஏன் குறைவு என்று கேட்டால் அது பொறாமை ஆகாது. சம ஊதியச் சட்டம் 1976இலேயே வந்துவிட்டது. அந்தக் கேள்வி இன்னும் தேவைப்படுகிறது. 'வயிற்றெரிச்சல் பிடிச்சவங்க' என்று சொல்லி நியாயம் கேட்பவர் வாயை அடைப்பது பழைய தந்திரம்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு கேள்வி போதும். அவரிடம் இருப்பது பறிபோய், நமக்கும் ஒன்றும் கிடைக்காவிட்டால் நமக்குத் திருப்தியா? திருப்தி என்றால் அது பொறாமை. இல்லை, அவருக்கும் இருக்கட்டும், எனக்குரியது எனக்கு வரட்டும் என்றால் அது நியாயம். நியாயத்துக்காகக் குரல் கொடுக்கலாம், சங்கம் சேரலாம், வழக்குப் போடலாம். பொறாமையை வைத்துக்கொண்டு அப்படி எதுவும் செய்ய முடியாது.

*

1998இல் சோல்னிக், ஹெமன்வே என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. ஹார்வர்டு பொதுச் சுகாதாரப் பள்ளியைச் சேர்ந்தவர்களிடம் கேட்டார்கள்: மற்றவர்கள் 25,000 டாலர் சம்பாதிக்கும்போது நீங்கள் 50,000 சம்பாதிக்கும் உலகம் வேண்டுமா, மற்றவர்கள் 2,00,000 சம்பாதிக்கும்போது நீங்கள் 1,00,000 சம்பாதிக்கும் உலகம் வேண்டுமா? விலைவாசி இரண்டிலும் ஒன்றே. ஏறக்குறைய பாதிப் பேர் முதல் உலகத்தைத் தேர்ந்தார்கள். பாதிச் சம்பளம் போனாலும் பரவாயில்லை, மற்றவரைவிட மேலே இருந்தால் போதும்.

நம் ஊர்க் கேள்விகளும் இதன் உறவுதான். பதினேழு வயதில் "மார்க் எவ்வளவு?" இருபத்திரண்டில் "பேக்கேஜ் எவ்வளவு?" கல்யாணத்தில் "எத்தனை பவுன் போட்டாங்க?" விடையை யாரும் சும்மா கேட்டு வைத்துக்கொள்வதில்லை. கேட்டவுடன் மனத்துக்குள் ஒரு கழித்தல் நடக்கிறது.

*

கைபேசி. அடுத்தவர் வீட்டு விசேஷம் முன்பு வருஷத்துக்கு நாலு முறை கண்ணில் பட்டது. இப்போது பல் விளக்குவதற்குள் நாற்பது பேரின் ஸ்டேட்டஸ் ஓடிவிடுகிறது. கிரகப்பிரவேசம் தெரிகிறது, மாதத் தவணை தெரிவதில்லை. மணாலி பனி தெரிகிறது, போன வழியில் நடந்த சண்டை தெரிவதில்லை.

2013இல் வெளியான மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வொன்று இளம் வயதினர் 82 பேரை இரண்டு வாரம் தொடர்ந்தது. ஒரு நாளைக்கு ஐந்து முறை குறுஞ்செய்தி அனுப்பி, எப்படி இருக்கிறீர்கள், கடந்த நேரத்தில் ஃபேஸ்புக் எவ்வளவு பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். அதிகம் பார்த்த நேரங்களுக்குப் பின் மனநிலை சரிந்திருந்தது. ஆட்களோடு நேரில் பேசியதற்குப் பின் அப்படிச் சரியவில்லை.

நேரில் பேசும்போது இருமலும் கேட்கிறது, கவலையும் கேட்கிறது. ஒருவர் முழுதாகத் தெரியும்போது பொறாமைப்படுவது கடினம்.

*

இல்லினாய்ஸ் மாநிலத்தில் லாட்டரியில் பெரும்பணம் வென்ற 22 பேரை 1978இல் ஓர் ஆய்வு மற்றவர்களோடு ஒப்பிட்டது. வென்றவர்கள் அப்படியொன்றும் அதிக மகிழ்ச்சியாக இல்லை. காலை உணவு, நண்பரோடு பேச்சு, பத்திரிகை படிப்பது போன்ற அன்றாடச் சிறு சந்தோஷங்கள் அவர்களுக்கு மற்றவர்களைவிடக் குறைவாகவே ருசித்தன.

இதில் எனக்குக் கிடைத்தது இது: நாம் பொறாமைப்படும் பொருள் அதை வைத்திருப்பவருக்கு எப்போதோ பழசாகிவிட்டது. அவர் வீட்டு மாடிப்படியை அவர் கவனிப்பதே இல்லை. நாம்தான் ஒவ்வொரு முறை அந்தத் தெருவில் போகும்போதும் அதைப் புதிதாகப் பார்க்கிறோம். அவருக்குத் தராத இன்பத்துக்காக நமக்குத் துன்பத்தைத் தருகிறது அந்த மாடிப்படி.

*

எபிக்டெட்டஸ் அடிமையாகப் பிறந்தவர், கால் ஊனமானவர். விடுதலை பெற்று ரோமில் தத்துவம் சொல்லிக்கொண்டிருந்தபோது பேரரசன் தொமிஷியன் தத்துவவாதிகளை விரட்டினான். கிரேக்கத்தில் நிகோபோலிஸ் நகருக்குப் போய்ப் பள்ளி நடத்தினார். சொத்து, பேர், பதவி, உடம்பு எதுவும் நம் வசம் இல்லை. நாம் ஏற்கும் கருத்தும், விரும்புவதும் ஒதுக்குவதும் நம் வசம் என்பதே அவர் பாடத்தின் தொடக்கம்.

விருந்துக்கு உன்னை அழைக்காமல் இன்னொருவனை அழைத்துவிட்டார்களா என்று கேட்டு, அதற்கு அவர் கீரை வாங்கும் உதாரணம் சொல்கிறார். ஒருவன் ஓர் ஓபோல் காசு கொடுத்துக் கீரை வாங்கிப் போகிறான். நீ காசு கொடுக்கவில்லை, கீரையும் இல்லை. நீ எதையும் இழக்கவில்லை. அவனிடம் கீரை, உன்னிடம் காசு. அந்த விருந்துக்கும் விலை உண்டு: முகஸ்துதி, வாசலில் காத்திருப்பது. அதை நீ கொடுக்கவில்லையே.

பொறாமை வரும்போது இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். அவர் பதவிக்கு அவர் கொடுத்த விலை எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள்? அந்த விலையைக் கொடுக்க நமக்குச் சம்மதமா? சம்மதம் என்றால் இன்றே தொடங்கலாம். அப்போது அவர் எதிரியாக இருக்க மாட்டார், வழி கேட்கத்தக்கவர் ஆகிவிடுவார். சம்மதமில்லை என்றால் நம் ஞாயிற்றுக்கிழமை நம்மிடம் இருக்கிறது. அதையாவது நன்றாகச் செலவழிக்க வேண்டும்.

*

பொறாமையைத் துரத்துவதற்கு முன் ஒருமுறை உட்காரவைத்து விசாரிக்கலாம். ஓரகத்தியின் கார் உறுத்துகிறது. காரா வேண்டும்? நினைத்த நேரத்துக்கு யாரையும் கேட்காமல் அம்மா வீட்டுக்குப் போய்வரும் சுதந்திரமா? சுதந்திரம் என்றால் அதற்குப் பேருந்தும் போதும், கணவனோடு ஒரு நேர்ப்பேச்சும் வேண்டும். நண்பனின் புத்தகம் வெளிவந்தது உறுத்துகிறது. மாலையா வேண்டும்? பாதியில் நின்றுபோன நம் கையெழுத்துப் பிரதி முடிய வேண்டுமா?

பெரும்பாலான பொறாமைகளுக்கு அடியில் நாம் நமக்கே கொடுத்துத் தள்ளிப்போட்ட ஒரு வாக்கு இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டால் அடுத்தவர்மேல் இருக்கும் சூடு தணிகிறது. வேலை மட்டும் மிஞ்சுகிறது.

*

புத்தர் சொன்ன நான்கு உயர்ந்த மனநிலைகள்: அன்பு, கருணை, முதிதை, சமநோக்கு. பிறர் மகிழ்ச்சியில் மகிழ்வதுதான் முதிதை. பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் இதே நான்கும் வருகின்றன. ஐந்தாம் நூற்றாண்டில் இலங்கையில் 'விசுத்திமார்க்கம்' எழுதிய புத்தகோசர் இதைப் பழகும் முறையையும் சொல்கிறார். எதிரியிடம் தொடங்காதே, எப்போதும் சிரித்த முகமாக இருக்கும் நெருங்கிய தோழனிடம் தொடங்கு, பிறகு நடுநிலையானவர், கடைசியில் பகைவர்.

இந்த வரிசை எனக்குப் பெரிய ஆறுதல். மிகவும் உறுத்துகிறவரிடம் போய் இன்றைக்கே மனதார மகிழ வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. சுலபமான இடத்தில் தொடங்கலாம். தங்கை மகள் நீச்சல் கற்றுக்கொண்டாள். அதில் முழுசாக மகிழலாம். இதுவும் தசைபோலப் பழகப் பழக வலுக்கிறது.

துக்க வீட்டில் நம் கண்ணீர் தானாக வருகிறது. விசேஷ வீட்டில் முகத்தைச் சரிசெய்துகொண்டு நுழைய வேண்டியிருக்கிறது. கருணையைவிட முதிதை கடினம் என்று பழையவர்கள் கருதியிருந்தால் ஆச்சரியமில்லை.

*

நடைமுறைக்கு, எழுதி வைத்துக்கொண்டவை:

நல்ல செய்தி கேட்டவுடன் வாழ்த்தைச் சொல்லிவிடுவது. தள்ளிப்போட்டால் அதற்குள் 'ஆனா' முளைத்துவிடும்.

வாழ்த்தும்போது ஒரு விவரமாவது கேட்பது: எப்படிச் செய்தாய், எது கடினமாக இருந்தது. விவரம் தெரிந்த உழைப்பின்மேல் மரியாதை வருகிறது.

படுக்கும் முன் அன்றைக்குத் தனக்கு நல்லதாக அமைந்தவற்றைக் குறித்துவைப்பது. எம்மன்ஸ், மெக்கல்லோ இருவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வில், நன்றிக்குரியவற்றை வாரந்தோறும் எழுதியவர்கள், தொல்லைகளை எழுதியவர்களைவிடத் தம் வாழ்வைப் பற்றி நிறைவாக உணர்ந்தார்கள். எழுதும்போது 'அவனைவிட நான் பரவாயில்லை' என்பதை மட்டும் சேர்க்கக் கூடாது. அதுவும் அடுத்த வீட்டை எட்டிப் பார்ப்பதுதான்.

போன வருஷத்து நம்மோடு நம்மை அளப்பது. அந்த ஆளை நமக்கு முழுசாகத் தெரியும். அவர் ஸ்டேட்டஸ் போட்டு நம்மை ஏமாற்ற முடியாது.

*

குழந்தைகள் பொறாமை தெரியாமல் பிறக்கிறார்கள் என்று சொல்ல மாட்டேன். புனித அகஸ்தீன் தன் வரலாற்று நூலில், இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தை, தன்னோடு பால் குடிக்கும் இன்னொரு குழந்தையை வெளிறிய முகத்தோடு முறைப்பதைத் தான் பார்த்ததாக எழுதியிருக்கிறார். விதை இருக்கிறது. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் பெரியவர்கள். "அண்ணனைப் பாரு." "எதிர்வீட்டுப் பொண்ணு மாதிரி இருக்கக் கூடாதா?" தன் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்த குழந்தை தலையைத் திருப்புகிறது. திரும்பிய தலை பிறகு எளிதில் நேராவதில்லை.

2017இல் தமிழ்நாட்டில் 10, 12ஆம் வகுப்புத் தேர்வுகளுக்கு மாநில அளவில் முதலிடம், இரண்டாமிடம் என்று பேர் அறிவிக்கும் வழக்கம் நிறுத்தப்பட்டது. நல்ல முடிவு. அரசு தன் பங்கைச் செய்துவிட்டது. வீடுகளில் அந்தப் பட்டியல் இன்னும் வாசிக்கப்படுகிறது. தேர்வு முடிவு வருகிற நாட்களில் பிள்ளைகள் என்ன செய்துகொள்வார்களோ என்று நாம் பயப்படுகிறோம். அந்தப் பயத்தில் பாதி, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணை நாம் கேட்பதால் வந்தது.

அந்த நாளில் கேட்க வேறு கேள்விகள் இருக்கின்றன. எந்தப் பாடம் உனக்குப் பிடித்திருந்தது? எதில் சிரமப்பட்டாய்? அடுத்து என்ன படிக்க ஆசை? மற்றவன் எவ்வளவு வாங்கினான் என்பதை நம் பிள்ளையே சொன்னாலும், நல்லது, அவனுக்கு வாழ்த்துச் சொன்னாயா என்று மட்டும் கேட்போம். நம் மகிழ்ச்சியை மீட்க நாம் படும் பாட்டில் பாதியாவது அடுத்த தலைமுறைக்கு மிச்சமாகட்டும்.